ஆச்சியும் அமெரிக்க மொட்டையனும்

சிந்துபூந்துறை,
வைகாசிக் கடைசி

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் கிடைத்து இருபது நாளாயிற்று. பதில் போடாததற்குக் காரணம் சோம்பல் இல்லை, பேரன். மகள் அவனைப் பரீட்சை லீவுக்கு எங்களிடம் விட்டுவிட்டுப் போய்விட்டாள். எட்டு வயசு. கண்ணைத் திறந்ததும் டிவி, ராத்திரி கண் சொருகுகிற வரைக்கும் டிவி. நேற்றுதான் சென்னைக்கு ரயில் ஏற்றிவிட்டேன். வீடு வெறிச்சென்று கிடக்கிறது.

என் முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. உன் சர்க்கரை எப்படி? ராத்திரியில் சோறு தின்னாதே என்று சொன்னால் கேட்கவா போகிறாய். டோம்பிவிலிக்குப் போயும் நெல்லைக்காரன் நாக்கு திருந்தாது.

கடைசி வரியில் ஒன்று கேட்டிருந்தாயே, "வெள்ளத்த நேர்ல பாத்தவன் நீ, இன்னமும் அந்த இங்கிலீஷ் அழிவுப் படத்தையெல்லாம் உக்காந்து பாக்க முடியுதாலே?" என்று. முடிகிறது. அதுதான் எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

பேரன் இந்த லீவில் 'சான் ஆண்ட்ரியாஸ்' படத்தை ஆறு தடவையாவது பார்த்திருப்பான். 2015இல் வந்தது. அவன் அதற்கு வைத்த பேர் 'மொட்டையன் படம்'. மொட்டையன் யாரென்றால் டுவெய்ன் ஜான்சன். 'ராக்' என்று சொன்னால் உனக்குத் தெரியும். நம்ம பிள்ளைகள் மல்யுத்தச் சீட்டு வைத்து விளையாடின காலத்தில், ஒரு புருவத்தை மட்டும் தூக்கி முறைப்பானே, அவன்தான். அந்த ஒற்றைப் புருவத்தை வைத்தே ஆலிவுட்டில் பெரிய ஆளாகிவிட்டான். நம்ம ஊரில் ஒருத்தர் சிகரெட்டைத் தூக்கிப் போட்டு உதட்டால் பிடித்தாரே, அதே வித்தைதான். சண்டை ஆரம்பிக்கும் முன்னாலேயே ஜெயித்தாயிற்று என்று நம்மை நம்ப வைத்துவிடுவது.

படத்தில் அவன் லாஸ் ஏஞ்சலஸ் தீயணைப்புத் துறையில் ஹெலிகாப்டர் ஓட்டுகிறவன். முதலில் ஹூவர் அணை உடைகிறது. அப்புறம் ஊர் ஊராகச் சாய்கிறது. பூகம்பத்தின் அளவு 9.6. கடைசியில் கடல் சான் பிரான்சிஸ்கோவுக்குள் புகுகிறது. மொட்டையன் ஒரு போட்டைச் செங்குத்தாக எழும்பி வருகிற அலையின் மேல் ஏற்றி, அது உடைவதற்குள் அந்தப் பக்கம் இறக்கிவிடுகிறான். அந்த இடம் வரும்போதெல்லாம் பேரன் சோபாவில் ஏறி நின்றுகொள்வான்.

முப்பது வருஷம் பூகோளம் எடுத்தவன் வாய் சும்மா இருக்குமா? இரண்டு நோட்டுப் புத்தகத்தை எடுத்து அவன் முன்னால் உரசிக் காட்டினேன். சான் ஆண்ட்ரியாஸ் பிளவில் இரண்டு தட்டுகளும் இப்படிப் பக்கவாட்டில்தான் நகர்கின்றன, அதுவும் பெரும்பகுதி கடலடியில் இல்லை, நிலப்பகுதியில். கடலடி மேலே எழும்பினால்தான் தண்ணீர் மலைபோல் கிளம்பும். 2004இல் சுமத்ரா பக்கம் நடந்தது அது. ஆகையால் இந்தப் பிளவு இப்படி ஒரு சுனாமியைக் கொண்டுவராது, 9.6ம் வராது என்று விளக்கினேன். அவன் கையால் என்னை ஒதுக்கி, "தாத்தா, மறைக்காதீங்க" என்றான். நியாயம்தான். பிளவைப் பார்க்கவா அவன் உட்கார்ந்திருக்கிறான்?

1986இல் தச்சநல்லூரில் உன் மாமா வீட்டில் கலர் டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்தோமே, ஞாபகம் இருக்கிறதா? மூன்று கேசட். இரண்டு தமிழ். மூன்றாவது கடைக்காரன் தலையில் கட்டின 'டவரிங் இன்பெர்னோ'. 1974ஆம் வருஷத்துப் படம், தேய்ந்த காப்பி, கட்டடம் எரிகிறதா டிவி எரிகிறதா என்று தெரியாத அளவுக்குப் புள்ளி. உன் மாமா பாதியில் கேட்டார்: "ரெண்டு எம்ஜியார் இருக்கானுவளே, இதுல எவம்லே வில்லன்?" நெருப்புதான் வில்லன் மாமா என்றோம். பாயைச் சுருட்டிக்கொண்டு தட்டட்டிக்குப் படுக்கப் போய்விட்டார்.

அவர் கேட்டதில் விஷயம் இருக்கிறது. பால் நியூமன், ஸ்டீவ் மெக்வீன் இரண்டு பேருமே அப்போது உச்சம். போஸ்டரில் யார் பேர் முதலில் என்று பெரிய இழுபறி. மெக்வீன் பேரை இடது பக்கம் கொஞ்சம் கீழேயும், நியூமன் பேரை வலது பக்கம் கொஞ்சம் மேலேயும் போட்டுச் சமாளித்தார்கள். இடமிருந்து வாசித்தால் இவர் முதல், மேலிருந்து வாசித்தால் அவர் முதல். நம்ம ஆட்களுக்கு இந்த வம்பே வேண்டாம் என்று தெரிந்திருந்தது. எம்ஜியாரும் சிவாஜியும் சேர்ந்து நடித்தது 1954இல் 'கூண்டுக்கிளி' ஒன்றுதான், அதோடு சரி.

நூறு மாடி எரிந்தாலும் நமக்கு யார் பேர் மேலே இருக்கிறது என்பதுதான் முக்கியம் மாப்ள. ஏனென்றால் பேர் மேலே இருக்கிறவன் சாகமாட்டான். அவன் தோளைப் பிடித்துக்கொண்டிருப்பவளும் சாகமாட்டாள். மொட்டையன் வந்து நின்றதும் பேரன் முகத்தில் தெரிகிற நிம்மதியைப் பார்க்கவேண்டும். பின்னால் ஊரே இடிந்து விழும். அது அவனுக்குத் தீபாவளி. மலையாளத்தில் 2023இல் '2018' என்று ஒரு படம் வந்ததே, கேரள வெள்ளத்தைப் பற்றி. டொவினோ தாமஸ் இருக்கிறார், ஆனால் அந்த உத்தரவாதம் அதில் கிடையாது. யாருக்கு வேண்டுமானாலும் என்ன வேண்டுமானாலும் ஆகலாம். நல்ல படம். என்னால்தான் முழுதாகப் பார்க்க முடியவில்லை. ஓட்டு மேல் மழை விழுகிற சத்தம் வந்ததும் எழுந்து அடுப்பங்கரைக்குப் போய்ச் சும்மா நின்றுகொண்டிருந்தேன்.

அந்த மழையைப் பற்றிப் போனில் பாதிதான் சொன்னேன். மீதியை இப்போது சொல்லிவிடுகிறேன்.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. விட்டு விட்டுப் பெய்யும் என்றுதான் நினைத்தோம், விடவே இல்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். மலையிலும் மழை, ஊரிலும் மழை, அணையிலிருந்தும் தண்ணீர். திங்கட்கிழமை விடியும் முன்னே எங்கள் வீட்டுக்குள் வெள்ளம் வந்தது. வாசல் வழியாக வரும் என்று மணல் மூட்டை போட்டு வைத்திருந்தேன். அது அங்கணத்துக் குழி வழியாக, பின்னாலிருந்து, கொப்பளித்துக்கொண்டு வந்தது. கால் மணி நேரத்தில் முழங்கால். கேஸ் சிலிண்டர் மிதந்து போய்ச் சுவரில் இடித்துக்கொண்டிருந்தது. டங், டங் என்று. அந்த இருட்டில் அது ஒன்றுதான் ஒழுங்கான தாளத்தில் இருந்தது.

முதலில் உன் தங்கச்சியைத் தட்டட்டிக்கு ஏற்றினேன். சரி. அடுத்து பீரோவில் இருந்த பத்திரம், சர்டிபிகேட், பென்ஷன் புத்தகம். அதுவும் சரி. மூன்றாவது தடவை இறங்கினேன். எதற்கு? டிவிக்கு. தவணை முடிந்து இரண்டு மாசம்தான் ஆகியிருந்தது. அதைத் தலைமேல் வைத்துக்கொண்டு படியில் கால் வைக்கும்போது பக்கத்து வீட்டு ஆச்சி கூப்பிட்டாள். "ஏ வாத்தியாரே... வாத்தியாரே..." எண்பது வயசு தாண்டினவள், தனியாக இருப்பவள். எனக்கு நன்றாகக் கேட்டது. இதை மேலே வைத்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக. வைத்துவிட்டு இறங்கினால் தெருவில் நெஞ்சளவு தண்ணீர், அதுவும் இழுப்பாக. கதவைத் திறக்க முடியவில்லை. திறந்திருந்தாலும் போயிருப்பேனா என்று இன்றைக்கு வரைக்கும் தெரியவில்லை.

ஆச்சியைத் தூக்கினது யார் தெரியுமா? கீழத்தெருவில் ஆட்டோ ஓட்டுகிற பையன். நான் ஒன்பதாம் வகுப்பில் இரண்டு வருஷம் பெயிலாக்கினவன். கயிற்றைக் கரண்டு கம்பத்தில் கட்டிப் பிடித்துக்கொண்டே வந்து, ஆச்சியை முதுகில் உப்புமூட்டையாகத் தூக்கி எங்கள் மாடிப்படியிலேயே கொண்டுவந்து விட்டான். மூச்சு வாங்க, "ஸார், வேட்டி ஒண்ணு குடுங்க" என்றான். அவ்வளவுதான் வசனம். ஆச்சி நன்றி சொல்லவில்லை. "எவம்லே இவன், சிகரெட்டு நாத்தம் குடலப் புடுங்குது" என்றாள்.

அதே நாளில்தான் செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் மாட்டிக்கொண்டது. கிட்டத்தட்ட 800 பேர். அதற்கப்புறம் செய்துங்கநல்லூர்ப் பக்கம் தண்டவாளத்துக்குக் கீழே மண்ணும் ஜல்லியும் அரித்துப்போய், ரயில் பாதை ஊஞ்சல்போல் அந்தரத்தில் தொங்கின போட்டோவை நீயும் பார்த்திருப்பாய். ரயிலை ஸ்டேஷனிலேயே நிறுத்தி வைத்ததால்தான் அத்தனை பேரும் பிழைத்தார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் தங்கள் வீடு நனைந்து கிடக்கும்போதே அவர்களுக்குச் சோறு பொங்கிக் கொடுத்தார்கள். இதை யாராவது படமாக எடுத்தால் எங்கே விசில் அடிப்பது? கதாநாயகன் செய்கிற பெரிய காரியம், "ரயில விடாதே" என்று சொல்வது. மொட்டையனைப் போட்டால் தொங்குகிற தண்டவாளத்தில் ரயிலை ஓட்டித்தான் ஆகவேண்டும். சம்பளம் அதற்குத்தானே.

பத்து நாள் கழித்து, டிசம்பர் 28ஆம் தேதி, விஜயகாந்த் போனார். தெருவெல்லாம் இன்னும் சேறு. ஆட்டோ முன்னால் கறுப்புத் துணி கட்டிவிட்டு, அந்தப் பையன் திண்ணையில் உட்கார்ந்து ஏங்கி ஏங்கி அழுதான். அவன் ஆட்டோ வெள்ளத்தில் மூழ்கி இன்ஜின் போனபோதுகூட அப்படி அழவில்லை. எனக்குச் சிரிப்பு வரவேண்டியது, வரவில்லை. சுவரில் ஒரு காலை ஊன்றி எழும்பி மறுகாலால் எட்டுப் பேரை உதைப்பாரே, அதை எத்தனை தடவை சிரித்திருப்போம் நாம். அவரிடம் போனவர்கள் யாரும் பசியோடு திரும்பினதில்லை என்று அன்றைக்கு டிவியில் வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். பையனிடம் கேட்டேன், நீ அவரைப் பார்த்திருக்கிறாயா என்று. "இல்ல ஸார். ஆனா அவரு என்னயப் பாத்துட்டே இருந்த மாதிரி இருக்கும்" என்றான். நட்சத்திரம் என்றால் என்ன என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்களே, நான் வாசித்தவரை இதைவிட நன்றாக யாரும் சொல்லவில்லை. பெயிலாக்கினது தப்போ என்னவோ.

மொட்டையன் கதைக்கு வருகிறேன். அந்தப் படத்தில் ஒரு இடம் எனக்குத் தொண்டையில் முள்ளாக நிற்கும். ஊரே இடிந்துகொண்டிருக்கிறது, இவன் வேலை ஊரைக் காப்பாற்றுவது. ஆனால் அரசாங்க ஹெலிகாப்டரை எடுத்துக்கொண்டு நேராகப் பொண்டாட்டியைத் தூக்கப் போகிறான்; அப்புறம் இரண்டு பேருமாக மகளைத் தேடிப் போகிறார்கள். வழியில் யார் யாரோ செத்துக்கொண்டிருக்கிறார்கள். நம்ம கிராம நிர்வாக அதிகாரி படகை எடுத்துக்கொண்டு மாமியார் வீட்டுக்குப் போனால் விட்டுவிடுவோமா? இவனை மட்டும் மன்னிக்கிறோம். ஏன் என்றால், அந்தத் தோள். அந்தப் புருவம். எனக்கு அப்படி ஒன்றும் கிடையாது, அதனால் மன்னிப்பும் கிடையாது, அவ்வளவுதான் வித்தியாசம் என்று தோன்றும்.

போன வாரம் மத்தியானம் பேரன் அதைப் போட்டிருந்தபோது ஆச்சி முருங்கைக்கீரை கொண்டுவந்தாள். வந்தவள் பட்டாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஹெலிகாப்டர் வந்ததும், "இது கவுருமெண்டு வண்டியா?" என்றாள்.

"ஆமா ஆச்சி."

"பொண்டாட்டி பிள்ளையத் தேடியா போறான்?"

"ஆமா."

"போவட்டும். எவம்னாலும் அப்படித்தான் போவான்."

கீரையை ஆய்ந்துகொண்டே கடைசி வரைக்கும் பார்த்தாள். அலைமேல் போட் ஏறினபோது பேரனோடு சேர்ந்து கை தட்டினாள். முடிந்ததும் எழுந்து, சேலையில் ஒட்டின இலையைத் தட்டிவிட்டு, டிவியின் ஓரத்தை விரலால் ஒரு தடவை தடவினாள்.

"நல்ல டிவி, வாத்தியாரே. ஒரு சொட்டு தண்ணி படலயே."

என்ன அர்த்தத்தில் சொன்னாள் என்று எனக்குத் தெரியாது மாப்ள. உன் தங்கச்சியிடம் கேட்டேன். கீரை நல்ல இளசாக இருக்கிறது என்றாள்.

சுவருக்கு இரண்டு கோட்டிங் பெயிண்ட் அடித்தும் தண்ணீர்க் கறை நெஞ்சு உயரத்தில் லேசாகத் தெரிகிறது. ஆனித் தேருக்குக் கட்டாயம் வா. மழைக்காலத்துக்கு முன்னால் வந்தால் குறுக்குத்துறையில் குளிக்கலாம். வெள்ளம் வந்தால் அந்த முருகனையே மேலக்கோவிலுக்குத் தூக்கிவிடுவார்கள், தெரியும்தானே. வரும்போது சர்க்கரை மாத்திரையை மறக்காமல் எடுத்துக்கொண்டு வா, இங்கே வந்து அல்வாவைக் கண்டதும் ஆரம்பிப்பாய்.

அன்புடன்,
உன் மாப்ள