இர்மா ரான்ஹெல் நூற்றாண்டுக்கு அஞ்சல்தலை: ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்:
தெற்கு டெக்சாஸில் வசிக்கும் ஒரு தாய்

பெறுநர்:
அஞ்சல்துறைத் தலைவர் அவர்கள்,
அமெரிக்க அஞ்சல் சேவை, வாஷிங்டன்.
(அஞ்சல்தலை ஆலோசனைக் குழுவின் பார்வைக்கு)

பொருள்: டெக்சாஸ் சட்டமன்ற உறுப்பினராக இருந்து மறைந்த இர்மா லெர்மா ரான்ஹெல் அவர்களுக்கு 2031இல் நினைவு அஞ்சல்தலை வெளியிட வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். என் மகள் பள்ளி முடித்த ஆண்டு, அவளுடைய மதிப்பெண் பட்டியலின் அடியில் ‘412 பேரில் 19’ என்று ஒரு வரி இருந்தது. அந்த வரிதான் அவளுக்கு ஆஸ்டினில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் இடம் வாங்கிக் கொடுத்தது. அவளுக்கு முன்னால் 11ஆவதாக வந்த தோழியின் அப்பா வெங்காய வயலில் கூலி வேலை செய்பவர். அந்தப் பெண்ணுக்கும் இடம் கிடைத்தது. இங்கே பிள்ளை வளர்க்கிற யாரைக் கேட்டாலும், வகுப்பில் முன்வரிசையில் வருபவர்களுக்கு அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் தரும் ‘டாப் டென் பர்சென்ட்’ (முதல் பத்து சதவீத) சட்டத்தைப் பற்றிச் சொல்வார்கள். அதைக் கொண்டுவந்தது யார் என்று நான் கேட்டுப் பார்த்தவர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. கொண்டுவந்தவர் இர்மா ரான்ஹெல். அவரை யாருக்கும் தெரியாதது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது, அதனால்தான் எழுதுகிறேன்.

அவர் 1931 மே 15 அன்று தெற்கு டெக்சாஸின் கிங்ஸ்வில் ஊரில் பிறந்தார். பெற்றோர் பருத்திக்காட்டில் உழைத்து, பிறகு அப்பா முடிதிருத்தகமும் அம்மா துணிக்கடையும் வைத்து முன்னுக்கு வந்தவர்கள். இர்மா முதலில் ஆசிரியை. வெனிசுவேலா வரை போய்ப் பாடம் நடத்தினார். நாற்பதை நெருங்கும் வயதில், 1969இல், சான் அன்டோனியோவில் சட்டப் பட்டம் பெற்று, அப்புறம் சொந்த ஊரிலேயே வக்கீல் அலுவலகம் திறந்தார். 1976 தேர்தலில் வென்று, டெக்சாஸ் பிரதிநிதிகள் சபைக்குள் நுழைந்த முதல் மெக்சிகோ-அமெரிக்கப் பெண் ஆனார். அரசு உதவித்தொகையில் பிள்ளை வளர்க்கும் தாய்மாருக்குப் படிப்பும் வேலையும் கிடைக்க, முதல் கூட்டத்தொடரிலேயே மசோதா கொண்டுவந்து நிறைவேற்றினார்.

1996இல், மாணவர் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் ஹாப்வுட் வழக்கில் தீர்ப்பளித்தது. மெக்சிகோ வம்சாவளியினர் நிறைந்த எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கதவு மூடிவிடுமோ என்ற பயம் வந்தது. அப்போது சபையின் உயர்கல்விக் குழுத் தலைவர் இவர்தான். டெக்சாஸின் எந்தப் பள்ளியானாலும் சரி, வகுப்பில் முதல் பத்து சதவீதத்துக்குள் வந்தால் அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் உறுதி என்ற மசோதாவை முன்னெடுத்தார். பெரிய நகரத்துப் பணக்காரப் பள்ளியும் எல்லையோரத்துச் சின்னப் பள்ளியும் அதில் ஒன்றுதான். கிராமத் தொகுதி உறுப்பினர்களும் சேர்ந்துகொண்டார்கள், அவர்கள் ஊர்ப் பிள்ளைகளும் அதே நிலையில் இருந்ததால். 1997இல் ஆளுநர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் கையெழுத்திட்டார். ஆஸ்டின் வளாகத்துக்கு மட்டும் அந்த வரம்பைப் பின்னாளில் சுருக்கினார்கள். ஆனாலும் ஒரு பிள்ளையை அவள் படித்த பள்ளிக்குள்ளேயே வைத்து எடைபோடும் முறை இன்றும் மாறவில்லை.

2003 மார்ச் 18 அன்று, பதவியில் இருக்கும்போதே, புற்றுநோயால் காலமானார். ஆஸ்டினில் மாநிலக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். கிங்ஸ்வில்லில் 2006இல் தொடங்கிய மருந்தியல் கல்லூரிக்கு அவர் பெயர்தான். அது போதாதா என்று நீங்கள் கேட்கலாம். அந்தப் பெயர்ப்பலகையைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் எங்கள் பக்கத்து ஆட்கள்தான். அவருடைய சட்டமோ மாநிலத்தின் ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளிக்கும் போனது. அந்த அளவுக்கு அவர் முகமும் போக வேண்டும் என்பதால்தான் அஞ்சல்தலை கேட்கிறேன். டெக்சாஸ் மேலவையின் முதல் கறுப்பினப் பெண் உறுப்பினரான பார்பரா ஜோர்டனுக்கு 2011இல் நீங்கள் அஞ்சல்தலை வெளியிட்டீர்கள். அதே சட்டமன்றக் கட்டடத்தில் 26 ஆண்டுகள் உழைத்த இவருக்கும் அந்த மரியாதை கிடைக்க வேண்டும்.

இறந்து மூன்று ஆண்டுகள் கடந்திருக்க வேண்டும் என்ற உங்கள் விதிக்கு இவர் எப்போதோ பொருந்திவிட்டார். கோரிக்கை மூன்று ஆண்டுகள் முன்னதாகவே வர வேண்டும் என்பதற்காகத்தான் இப்போதே எழுதுகிறேன். அவருடைய நூற்றாண்டு 2031 மே 15 அன்று வருகிறது. வெளியீட்டு விழாவை அன்றே கிங்ஸ்வில்லில் நடத்த வேண்டும். இன்னொன்று: இடம் குறைவு என்று பெயரைச் சுருக்கிவிடாமல் ‘இர்மா லெர்மா ரான்ஹெல்’ என்று முழுதாக அச்சிடுங்கள். நடுவில் இருக்கும் லெர்மா, பருத்தி எடுத்த அவருடைய அம்மாவின் குடும்பப் பெயர்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தெற்கு டெக்சாஸ் தாய் ஒருத்தி