கூச்சமா எங்களுக்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பிரான்சுக்குச் சொந்தமான எங்கள் ரெயூனியன் தீவில் சிக்குன்குனியா பரவியது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். கொசுவைப் பற்றி நன்றாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் கடைசிப் பத்தியில், சமூகப் பணியாளர்கள் இருந்தும் வெளிநாட்டவர்கள் கூச்சத்தால் உதவி கேட்க வரவில்லை என்று ஒரு வரி இருந்தது. அந்தக் கூச்சம் என்ற சொல்தான் மூன்று நாளாக என் மனத்தை அறுக்கிறது.

2025 ஏப்ரலில் ஒருநாள் விடியற்காலை, இலங்கையிலிருந்து படகில் வந்து புகலிடம் கேட்டிருக்கும் குடும்பத்துப் பெண் ஒருத்தி, "அக்கா, கொஞ்சம் வாறீங்களா" என்று போன் செய்தாள். ஒன்பது மாதக் கர்ப்பிணி. கடுங்காய்ச்சல், காலை ஊன்ற முடியாத மூட்டுவலி. நான் மருத்துவமனைக்குப் போய்ச் சேர ஒரு மணி நேரமானது. அதுவரை மருத்துவர் சொன்னதையெல்லாம் அவளுக்குத் தமிழில் சொன்னது அவளுடைய ஒன்பது வயது மகன். பேறு நேரத்தில் தாய்க்கு இந்த நோய் இருந்தால் பிள்ளைக்கும் தொற்றலாம் என்பது 2005-06இல் இதே தீவில்தான் தெரியவந்தது. அதை அந்தச் சிறுவன், "பாப்பாவுக்கும் வருமாம் அம்மா" என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான். தாயின் கையில் விவரத்தாள் ஒன்று இருந்தது. முழுக்கப் பிரெஞ்சு.

இதில் கூச்சம் எங்கே வந்தது, ஐயா? மருத்துவமனைகளில் பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர்தான் வேண்டும், குடும்பத்தாரை வைத்துச் சமாளிக்கக் கூடாது என்று பிரான்சின் உயர் சுகாதார ஆணையம் 2017லேயே வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. இது தங்களுக்குத் தெரியாததல்ல. போனில் மொழிபெயர்க்கும் சேவையும் உண்டு. அன்று யாரும் அதைக் கூப்பிடவில்லை. அவர்கள் தங்கியிருந்த இடத்துக்கு வரும் சமூகப் பணியாளர் நல்ல பெண், அவர்மீது எனக்கு வருத்தமே இல்லை. வாரத்தில் ஒருநாள் வருவார். அத்தனை குடும்பங்களின் கடிதங்களையும் படிவங்களையும் அந்த ஒரு நாளில் அவர் என்ன செய்வார்?

தமிழ்ப் பெயர் நிறைந்த தீவு இது. நான் போகும் அலுவலகத்தில் ஒரு மேசைமேல் ராமசாமி என்று பெயர்ப்பலகை இருக்கும். அந்தப் பெயரைப் பார்த்ததும் புதிதாக வந்தவர்கள் முகம் மலர்ந்து தமிழில் பேசத் தொடங்குவார்கள். அவருக்குப் பிரெஞ்சும் இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோலும்தான் தெரியும். பாவம், அவர் தப்பில்லை. அந்தக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து கூலி வேலைக்கு வந்த அவருடைய கொள்ளுத்தாத்தாவைக் கப்பலிலிருந்து இறக்கி, நோய் இருக்கிறதா என்று பார்க்க கிராந்த் ஷலூப் தனிமை முகாமில்தான் அடைத்து வைத்திருப்பார்கள். அன்றும் அவர் மொழியில் ஒரு வார்த்தை சொல்ல ஆள் இருந்ததா, தெரியாது.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது வெளியே போக ஒரு படிவம் எழுதி வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் 135 யூரோ அபராதம். ரொட்டி வாங்கப் போன ஒரு பெரியவர் தேதி போடாமல் போய் அபராதம் கட்டினார். அதற்குப்பின் அந்தத் தெருவில் பத்துப் பேருக்குத் தினமும் நான்தான் படிவம் எழுதிக் கொடுத்தேன். புகலிடம் கேட்பவர் மூன்று மாதம் காத்திருந்தால்தான் மருத்துவக் காப்பீடு என்ற விதியும் அதே ஆண்டுத் தொடக்கத்தில்தான் வந்தது. கொசு மூன்று மாதம் காத்திருக்குமா? 2006இல் நானே காரைக்காலிலிருந்து வந்த புதுப் பெண். தீவில் மூன்றில் ஒருவருக்கு இந்த நோய் வந்த ஆண்டு அது. விரல் மடங்காமல் மாமியாரிடம் தலைவாரச் சொல்லி அழுதது இன்னும் மறக்கவில்லை.

உங்கள் இதழ்மீதும் எனக்கு மனத்தாங்கல் உண்டு. இங்குள்ள கோயில்களின் தீமிதிப் படம் ஆண்டுதோறும் வண்ணத்தில் வருகிறது. சந்தோஷம்தான். இங்கே வாழும் தமிழர்கள் படும் பாட்டைப் பற்றி நான் எழுதிய இரண்டு கடிதங்கள் மட்டும் வரவே இல்லை.

நான் கேட்பது பெரிதல்ல. அந்த வரிக்கு அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள். அதன் பக்கத்தில் கால் பக்கம் ஒதுக்கி எளிய தமிழில் இதையும் போடுங்கள்: இந்தக் கொசு பகலில் கடிக்கும், பூந்தொட்டித் தட்டில் தண்ணீர் நிற்க விடக் கூடாது, காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும், மருத்துவரைக் கேட்காமல் ஆஸ்பிரின் போடக் கூடாது, அவசரம் என்றால் 15, தங்க இடமில்லை என்றால் 115, மருத்துவமனையில் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று தயங்காமல் கேட்கலாம். அந்தப் பக்கத்தைக் கத்தரித்து நானே வீடுவீடாகக் கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
காரைக்காலில் பிறந்த ஒரு வாசகி,
சேன் தெனி, ரெயூனியன்