சொல்ல முன்வந்தவரின் வாக்குமூலத்தை எழுதிக்கொள்ளுங்கள்: நீதி அமைச்சருக்கும் சட்டமா அதிபருக்கும் ஒரு திறந்த மடல்

மாண்புமிகு நீதி அமைச்சர் அவர்களுக்கும் மதிப்புக்குரிய சட்டமா அதிபர் அவர்களுக்கும்,

வணக்கம்.

யுத்த காலத்தில் காணாமல் ஆக்கப்பட்டவர்களைப் புதைத்ததாகச் சொல்லப்படும் யாழ்ப்பாணத்துச் செம்மணியைப் பற்றி நான் உங்களுக்குப் புதிதாக எதுவும் சொல்லத் தேவையில்லை. கோப்புகள் உங்களிடம்தான் இருக்கின்றன. 2025 ஆகஸ்டில் கொலை வழக்கில் மரண தண்டனை விதிக்கப்பட்ட இராணுவ லான்ஸ் கோப்ரல் சோமரத்ன ராஜபக்ஷவின் மனைவி ஜனாதிபதிக்கு எழுதிய கடிதத்தையும் வாசித்திருப்பீர்கள். சர்வதேச விசாரணை ஒன்று நடந்தால் தெரிந்ததையெல்லாம் சொல்லத் தன் கணவர் தயாராக இருக்கிறார் என்று அந்த அம்மா எழுதியிருந்தார். நான் கேட்பது இதைத்தான்: அவருடைய வாக்குமூலத்தை நீதவான் ஒருவர் முன்னிலையில் முழுமையாகப் பதிவு செய்துவிட்டீர்களா? செய்திருந்தால், செய்துவிட்டோம் என்று எங்களுக்குச் சொல்லுங்கள். இல்லையென்றால், எந்தத் திகதியில் செய்வீர்கள் என்று சொல்லுங்கள்.

சோமரத்ன ராஜபக்ஷ முதல்முறை வாய் திறந்தது 1998 ஜூலையில், இதே கொழும்பில், மேல் நீதிமன்றத்தில். பரீட்சை எழுதிவிட்டு வீடு திரும்பிய கிருஷாந்தி குமாரசுவாமியையும், அவளைத் தேடிப்போன தாயையும் தம்பியையும் அயலவரையும் இராணுவத்தினர் கொன்று செம்மணியில் புதைத்த வழக்கு அது. மரண தண்டனைத் தீர்ப்புக்கு முன், சொல்வதற்கு ஏதாவது உண்டா என்று கேட்டபோதுதான், செம்மணியில் 300 முதல் 400 உடல்கள் வரை புதைக்கப்பட்டிருக்கின்றன, இடத்தைக் காட்ட முடியும் என்றார். அடுத்த வருடம் அவரை அங்கே கூட்டிப்போனார்கள். இடம் காட்டினார். தோண்டியதில் 15 பேரின் எச்சங்கள் கிடைத்தன. படையினர் சிலர் கைதாகிப் பிணையில் வந்தார்கள். அத்தோடு வழக்கு படுத்துவிட்டது.

அப்புறம் 2025 பெப்ரவரியில், அதே செம்மணிப் பகுதியில், சித்துப்பாத்தி மயானத்தில் தகனமேடைக்குக் குழி வெட்டியவர்களின் மண்வெட்டியில் எலும்பு தட்டுப்பட்டது. இந்தமுறை யாரும் இடம் காட்டவில்லை. கட்டட வேலைக்குத் தோண்டப் போய்த்தான் கண்டெடுத்தோம். செப்டெம்பர் ஆரம்பத்துக்குள் 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் அடையாளம் காணப்பட்டன. சிறுபிள்ளைகளின் எலும்புகளும் அவற்றில் இருந்தன. ஒரு புத்தகப்பை இருந்தது. பால்போத்தல் இருந்தது.

சோமரத்ன ராஜபக்ஷ நல்லவர் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைக்கு நடந்த கொடுமைக்காகத் தண்டிக்கப்பட்டவர் அவர். அவருக்கு விடுதலை கொடுங்கள் என்றும் நான் கேட்கவில்லை. அது என் வேலையும் அல்ல. ஆனால் படைக்குள்ளே நடந்தது படைக்குள்ளே இருந்தவருக்குத்தான் தெரியும். உடல்களை யார் கொண்டுவந்து தந்தார்கள், எந்த முகாமிலிருந்து, யார் உத்தரவிட்டார்கள் என்பதையெல்லாம் மண்ணைத் தோண்டி எடுக்க முடியாது. எலும்பு வயதைச் சொல்லும், காயத்தைச் சொல்லும். உத்தரவு போட்டவரின் பெயரைச் சொல்லாது.

என் பெரியம்மா வெள்ளவத்தையில் எங்களோடு இருக்கிறார். அவருடைய மகனை, எனக்கு அண்ணன் முறை, 1996இல் யாழ்ப்பாணத்தில் சைக்கிளோடு மறித்துக் கூட்டிப்போனார்கள். அந்த ஒரு வருடத்தில் மட்டும் யாழ்ப்பாணத்தில் ஏறத்தாழ 600 பேர் காணாமல் ஆக்கப்பட்டதாக சர்வதேச மன்னிப்புச் சபை எழுதியிருக்கிறது. 2025 ஆகஸ்ட் 5ஆம் திகதி, செம்மணியில் எடுத்த உடைகளையும் பொருட்களையும் நீதிமன்ற உத்தரவின்படி மக்கள் பார்வைக்கு வைத்தபோது பெரியம்மாவும் போனார். கால் வீக்கத்தோடு, இரவு பஸ்ஸில்.

என்ன பார்ப்பது? மண்ணுக்குள் கிடந்த துணிக்கு நிறமே இல்லை. சேட்டா, சாரமா, சட்டையா என்பதையே பக்கத்தில் இருந்தவர்கள் சொல்லித்தான் விளங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. அண்ணா அன்றைக்கு நீலக் கோடு போட்ட சேட் போட்டிருந்தார் என்று இத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர், அங்கே போனதும் குழம்பிவிட்டார். ஒரு பொத்தானை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாராம். அவனுடையதாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றாராம். திரும்பி வந்து பல நாட்கள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. "நான் தாய்தானே, எனக்கு ஏன் ஞாபகம் வரேல்லை?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அண்ணாவைக் கொண்டுபோனவர்கள் எங்கேயோ நிம்மதியாக ஓய்வூதியம் எடுக்கிறார்கள்; தாய் தன் ஞாபகத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி விசாரிக்கிறார்.

ஐயா, ஒரு பொத்தானைக் காட்டி அந்தத் தாயிடம் கேட்கிற கேள்வியை, தெரியும் என்று சொல்லும் மனிதரிடம் கேளுங்கள். அவருக்கும் வயதாகிக்கொண்டிருக்கிறது. சாட்சி செத்தால் சாட்சியமும் அதோடு போய்விடும்.

இவர் ஒருவரோடு இது முடியாது என்பதும் உங்களுக்குத் தெரியும். முப்படைகளிலும் மனசாட்சி உறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். சிங்களக் கிராமங்களில், ஓய்வுபெற்று, பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார்கள். அவர்கள் ஏன் பேசுவதில்லை? பேசியவர்களுக்கு நடந்ததைப் பார்த்தார்கள், அதனால்தான். சோமரத்ன ராஜபக்ஷ நீதிமன்றத்தில் பேசிய கொஞ்ச நாளிலேயே சிறைக்குள் தாக்கப்பட்டதாகச் செய்தி வந்தது. யுத்தத்தை நடத்திய இராணுவத் தளபதி சரத் பொன்சேகா, யுத்தத்தின் கடைசியில் வெள்ளைக்கொடியோடு சரணடைய வந்தவர்கள் தொடர்பாக 2009 டிசம்பரில் ஒரு பத்திரிகையில் வெளிவந்த செவ்விக்காக மூன்று வருடச் சிறைத்தண்டனை பெற்றார். பத்திரிகை தன் பேச்சைத் திரித்துவிட்டது என்று அவர் சொன்னது வேறு விடயம். ஆனால் அந்தத் தீர்ப்பைப் பார்த்த சாதாரண சிப்பாய் என்ன நினைத்திருப்பார்? தளபதிக்கே இதுதான் கதி என்றால் எனக்கு?

கொழும்பில் கடத்தப்பட்ட 11 இளைஞர்களின் வழக்கைப் பாருங்கள். திருகோணமலைக் கடற்படைத் தளத்துக்குள் நிலத்தடிச் சிறை ஒன்று இருந்தது வெளியே வந்ததே, உள்ளே இருந்த கடற்படையினர் சிலர் குற்றப் புலனாய்வுத் திணைக்களத்திடம் பேசியதால்தான். 2015 நவம்பரில் காணாமல் ஆக்கப்பட்டோர் பற்றிய ஐ.நா. செயற்குழு அந்த இடத்தை நேரில் பார்த்தது. அதற்குப் பிறகு? முக்கிய சந்தேகநபருக்கு அடைக்கலம் கொடுத்ததாகவும் சாட்சி ஒருவரை அச்சுறுத்தியதாகவும் குற்றம் சாட்டப்பட்டு, பாதுகாப்புப் படைகளின் பிரதானியே 2018இல் விளக்கமறியலுக்குப் போனார். விசாரணை செய்த பொலிஸ் அதிகாரி ஒருவர் 2019இல் நாட்டை விட்டே போக வேண்டி வந்தது. 2021இல் முன்னாள் கடற்படைத் தளபதி மீதான குற்றச்சாட்டுகளை முன்கொண்டுபோகப் போவதில்லை என்று சட்டமா அதிபர் திணைக்களம் நீதிமன்றத்தில் சொன்னது. அப்போது நீங்கள் அந்தப் பதவியில் இருந்தீர்களா இல்லையா என்பதைப் பற்றி நான் பேசவில்லை. திணைக்களம் ஒன்றுதானே.

யுத்தத்தில் பாவித்த ஆயுதங்கள் விடயமும் இதுதான். புதுக்குடியிருப்பில் 2012இல் பழைய இரும்பு என்று நினைத்து ஒரு வெடிபொருளைப் பிரிக்கப் போய் ஒரு பையன் இறந்தான், அவனுடைய சகோதரி காயப்பட்டாள். அந்தப் பகுதியில் கொத்தணிக் குண்டின், அதாவது பல சிறு குண்டுகளாகப் பிரிந்து சிதறும் குண்டின், வெடிக்காத சிறு குண்டுகள் இருந்ததாக ஐ.நா. கண்ணிவெடி நிபுணர் ஒருவரின் மின்னஞ்சல் அப்போது வெளியானது. 2016இல் கண்ணிவெடி அகற்றியவர்கள் எடுத்த படங்கள் கசிந்து பிரித்தானியப் பத்திரிகையில் வந்தன. ரஷ்யத் தயாரிப்பு, விமானத்திலிருந்து போடும் வகை என்று அதில் எழுதியிருந்தது. இராணுவம் தொடர்ந்து மறுத்து வருகிறது. சரி, மறுக்கட்டும். விமானத்தில் குண்டு ஏற்றினால் ஏற்றியவர் இருப்பார், களஞ்சியப் பதிவேட்டில் கையெழுத்து இருக்கும். 2015இல் ஐ.நா. மனித உரிமைகள் அலுவலகமும் இதை விசாரிக்கச் சொன்னது. 2018இல் கொத்தணிக் குண்டுத் தடை உடன்படிக்கையில் சேர்ந்த நாடு, அடுத்த வருடம் ஜெனீவாவில் அதன் மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய நாடு, தன் சொந்தப் பதிவேட்டைத் திறந்து பார்க்கவும், அந்தக் களஞ்சியத்தில் வேலை செய்தவர்களைக் கூப்பிட்டுக் கேட்கவும் ஏன் தயங்க வேண்டும்?

அரசுக்கு வேகமாக வேலை செய்யத் தெரியாது என்றும் இல்லை. 2007 ஜூனில் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி லொட்ஜ்களில் இருந்த எங்கள் தமிழ்ச் சனத்தை, மருந்துக்கு வந்தவர்களையும் வெளிநாட்டுக்குப் போகக் காத்திருந்தவர்களையும், ஒரே விடியலில் பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். 376 பேர். அதற்குக் கோப்பு தேவைப்படவில்லை, சட்ட ஆலோசனை தேவைப்படவில்லை, நிதி ஒதுக்கீடு தேவைப்படவில்லை. உயர் நீதிமன்றம் தடுத்திருக்காவிட்டால் இன்னும் எத்தனை பஸ் போயிருக்கும்! ஆனால் எங்களுக்கு நடந்ததை விசாரிக்க என்று உடலகம ஆணைக்குழு, நல்லிணக்க ஆணைக்குழு, பரணகம ஆணைக்குழு, நவாஸ் ஆணைக்குழு எனப் பலர் வரிசையாக வந்தார்கள். எங்கள் பெண்கள் ஒவ்வொன்றிலும் போய் அழுதார்கள். அழுத பெண்களில் பலர் இப்போது உயிரோடு இல்லை. எங்களை அப்புறப்படுத்த ஒரு விடியல் போதுமாக இருந்த அரசுக்கு, ஒரு மனிதரின் வாக்குமூலத்தை எழுத 27 வருடத்துக்கு மேலாகியும் நேரம் போதவில்லை என்றால் எங்களுக்குக் கோபம் வராதா?

கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னியுங்கள். கேட்க வந்ததைப் பணிவாகவே கேட்கிறேன்.

சோமரத்ன ராஜபக்ஷவின் வாக்குமூலத்தை நீதவான் முன்னிலையில், பாதிக்கப்பட்டோரின் சட்டத்தரணிகளும் சர்வதேசக் கண்காணிப்பாளர்களும் இருக்கையில், பதிவு செய்யுங்கள். அவர் பெயர் குறிப்பிடும் ஒருவர் இன்னும் பதவியில் இருந்தால், விசாரணை முடியும்வரை அவரை விலக்கி வையுங்கள். சாட்சி சொல்லும் சோமரத்ன ராஜபக்ஷவுக்கும் அவர் குடும்பத்துக்கும் பாதுகாப்புக் கொடுங்கள். சாட்சிகளைப் பாதுகாக்க 2015இல் ஒரு சட்டம் வந்தது, 2023இல் புதிய சட்டம் வந்தது, தெரியும். ஆனால் அந்தச் சட்டத்தின் கீழ் வாசலில் வந்து நிற்பது பொலிஸ்தான். அரச படைகளுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறவர், அதே அரசின் சீருடை வாசலில் நிற்கும்போது எப்படி நித்திரை கொள்வார்? சுயாதீன வழக்குத்தொடுநர் அலுவலகம் அமைப்போம் என்று உங்கள் அரசாங்கம் சொல்லியிருக்கிறது. படையினரின் சாட்சியங்களை நேரடியாகப் பெற்றுக்கொள்ளும் அதிகாரத்தையும், சாட்சிகளைப் பொலிஸாரை நம்பாமல் பாதுகாக்கும் அதிகாரத்தையும் அதற்குக் கொடுங்கள். போர்க்குற்றத்தைப் பற்றி உண்மை சொல்பவர்மீது 1955ஆம் ஆண்டின் அரச இரகசியச் சட்டம் பாயாது என்று சட்டத்திலேயே எழுதுங்கள்.

இது முடியாத காரியம் இல்லை. 2025 ஜூலையில் முன்னாள் கடற்படைத் தளபதி ஒருவரையே ஒரு காணாமல் ஆக்கப்பட்டோர் வழக்கில் கைது செய்தீர்கள். காணாமல் போனவர் சிங்கள இளைஞர். அவருடைய குடும்பத்துக்கும் உண்மை தெரிய வேண்டும், தெரியட்டும். அதே கையால் செம்மணிக் கோப்பையும் எடுங்கள்.

வாக்குமூலம் பதிவாகும் நாளில் பெரியம்மா நீதிமன்றத்துக்கு வர விரும்புகிறார். உள்ளே விடாவிட்டாலும் வெளியே வாங்கில் இருக்கத் தயார் என்கிறார். திகதியை முன்கூட்டியே பத்திரிகைகளில் தமிழிலும் அறிவிக்கும்படி தயவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வெள்ளவத்தையிலிருந்து, காணாமல் ஆக்கப்பட்ட ஒருவரின் தம்பி