பிள்ளையார் கோயில், திருக்குளம், வரத்து வாய்க்கால்: திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் குழுவின் வணக்கம்.

பிள்ளையார் அருளால், கும்பகோணத்தில் நம் தெருக் கோயிலுக்கு 2023 ஆவணியில் குடமுழுக்கு நடந்தது. 48 நாள் மண்டலாபிஷேகமும் ஐப்பசியில் பூர்த்தியாயிற்று. வரவு செலவைத் தணிக்கை செய்த தாள் இத்துடன் தனியே வருகிறது. ரசீதுகள் கோயில் அலமாரியில் இருக்கின்றன, எந்த உறுப்பினரும் வந்து பார்க்கலாம். பணக் கணக்கு அதில் இருப்பதால், வேலை நடந்த விதத்தை மட்டும் இங்கே எழுதுகிறோம். கோயிலுக்குள் நடந்ததைவிட வெளியே வாய்க்காலில் நடந்ததுதான் இதில் அதிகம் இருக்கும். திருப்பணி நின்றதும் அங்கேதான், மறுபடி நடந்ததும் அங்கேதான்.

நம் கோயில் தரை ஏன் எப்போதும் ஈரமாகவே இருந்தது என்பது உங்களுக்குத் தெரியும். பழைய தளத்தைச் சுரண்டாமல் தார் மேல் தார் போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்துவிட்டது. கோயில் வாசல் பள்ளமாகிவிட்டது. கார்த்திகை மழைக்குத் தெருத் தண்ணீர் முழுவதும் மகாமண்டபத்துக்குள் வரும். அதை வாங்கிக் குளத்துக்குக் கொண்டு போக வேண்டிய வாய்க்கால் தூர்ந்து கிடந்தது. பீடத்தடியில் ஈரம் ஏறி, முந்தைய குடமுழுக்கில் சாத்திய அஷ்டபந்தனம் (சிலையைப் பீடத்தோடு ஒட்டும் மருந்து) விரிசல் விட்டிருந்தது. ஸ்தபதி வந்து பார்த்துவிட்டு, "வெளித் தண்ணிக்கு வழி பண்ணாம உள்ள மருந்து சாத்துனா நிக்காது" என்று சொல்லிப் போய்விட்டார். பாலாலயம் செய்து, அதாவது திருப்பணி முடியும் வரை சுவாமியைத் தற்காலிக இடத்துக்கு மாற்றி, வேலை தொடங்கும் யோசனையை அன்றே தள்ளி வைத்தோம்.

அந்தச் சமயத்தில் யாரிடம் போய்ச் சொல்வது என்றே தெரியவில்லை. 2016 அக்டோபரில் நகர மன்றங்களின் பதவிக்காலம் முடிந்தது. அதன் பிறகு 2022 மார்ச் வரை தமிழ்நாட்டின் நகரங்கள் எதிலும் கவுன்சிலர் கிடையாது, தனி அலுவலர்கள்தான். குழு எழுதிய மனுக்களின் நகல்கள் ஒரு கோப்பு நிறைய இருக்கின்றன. மகாமகக் குளமும் பொற்றாமரைக் குளமும் ஊரறிந்தவை. நம்முடையது போன்ற தெருக்குளத்துக்காகப் பேசுவதற்கு அந்தத் தெருவின் ஆள் ஒருவர் சபையில் இருந்தாக வேண்டும். 2022 பிப்ரவரி 19 அன்று வாக்களித்தோம். கும்பகோணம் மாநகராட்சியான பிறகு நடந்த முதல் தேர்தல் அது, 48 வார்டு. பெண்களுக்குப் பாதி இடம் என்ற சட்டத்தின்படி நடந்த முதல் நகர்ப்புறத் தேர்தலும் அதுவே. நம் வார்டில் ஒரு பெண் வென்றார்.

பதவியேற்ற மாதமே அவரைப் போய்ப் பார்த்தோம். மூன்று கோரிக்கை வைத்தோம்: வாய்க்கால், தெருவிளக்கு, காலையில் குழாயில் கலங்கி வரும் தண்ணீர். விளக்கும் குழாயும் அந்தக் கோடைக்குள்ளேயே சரியாயின. வாய்க்காலுக்கு மட்டும் அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. எங்களில் சிலருக்கு அது வருத்தமாக இருந்தது. ஆனால் நம் வாய்க்காலுக்குத் தண்ணீர் வரும் மேட்டூர் அணையை அந்த ஆண்டு வழக்கமான ஜூன் 12 வரை காத்திராமல் மே 24-லேயே திறந்துவிட்டார்கள். அவசரப்பட்டு வெட்டியிருந்தால் பாதி வேலையில் தண்ணீர் வந்து எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போயிருக்கும்.

அவர் அன்று சொன்ன இன்னொன்றையும் எழுதிவிடுகிறோம். "கோயிலுக்குள்ள ஒரு செங்கல் கூட மாநகராட்சிக் காசுல வைக்க முடியாது. அது உங்க திருப்பணி. தெருவும் வாய்க்காலும் என் வேலை. ரெண்டையும் கலக்காதீங்க." கடைசி வரை அவர் அதை மாற்றவில்லை. அதனால்தான் நம் கணக்கும் குழப்பமில்லாமல் இருக்கிறது.

2022 நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தன்று, வார்டு மக்கள் கூடிப் பேசும் பகுதி சபையின் முதல் கூட்டம் நடந்தது. புகார் சொல்லத்தான் போனோம். அவர் நகர அளவைப் புலப்படத்தின் நகலோடு வந்திருந்தார். வாய்க்கால் எங்கே தொடங்குகிறது, எத்தனை அடி அகலம், எந்தெந்த வீட்டு வாசல் வழியே போகிறது என்பதை எல்லோரும் பார்க்க மேசை மேல் விரித்து வைத்தார். கூட்டம் அமைதியாகிவிட்டது. அரசலாற்றுப் பக்கமிருந்து வரும் அந்த வாய்க்காலை அடைத்தது வேறு யாருமில்லை, நாம்தான். வாசப்படி, வண்டி ஏற்றும் சறுக்கு, துளசி மாடம், திண்ணை என்று நம் தெரு வீடுகள் அதன் மேல் உட்கார்ந்திருந்தன. குழுத் தலைவர் வீட்டுப் படியும் அதில் ஒன்று. இதை மறைக்காமல் எழுத வேண்டும் என்று தலைவரே சொன்னார்.

நோட்டீஸ் ஒட்டி இயந்திரத்தை அனுப்பியிருக்கலாம், அதற்கு அவருக்கு வழியுண்டு. அப்படிச் செய்யாமல் மார்கழி முழுக்க வீடு வீடாக வந்தார். கடைசி வரை ஒரு வீடுதான் பாக்கி. நம் தெருவின் மூத்த பாட்டி அந்தத் திண்ணையில் உட்கார்ந்துதான் தினமும் சுவாமிக்குப் பூத்தொடுப்பார். கவுன்சிலர் ஒரு முற்பகல் முழுதும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அருகம்புல்லை ஆய்ந்து கொடுத்துக்கொண்டிருந்தார். திண்ணையைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. பாட்டிதான் ஆரம்பித்தார்: "அம்மாடி, என் மாமியார் இருந்த காலத்துல இந்த வாசல்ல தண்ணி ஓடும். வெள்ளிக்கிழமை அதுலதான் கால் கழுவிட்டு உள்ள வருவோம். தூம்பு அந்தா, வேப்பமரத்துக்குக் கெழக்க இருந்துச்சு." தண்ணீரைத் திறந்து அடைக்கும் மதகான அந்தத் தூம்பின் இடம் புலப்படத்தில் குறிக்கப்படவில்லை. அவர் கை காட்டிய இடத்தில் மறுநாள் கடப்பாரை போட்டபோது இடுப்பளவு ஆழத்தில் கல் தட்டியது. மண்ணை விலக்கினால், கருங்கல்லில் குடைந்த தூம்பு உடையாமல் அப்படியே இருந்தது. திண்ணையை எடுக்கச் சொன்னதும் பாட்டியேதான். அவர் உட்கார, வாய்க்காலுக்கு இந்தப் பக்கமாக ஒரு கல் பலகை போட்டுக் கொடுத்திருக்கிறோம்.

தை மாதம் மேட்டூர் அடைத்ததும் வேலை தொடங்கியது. வாசலுக்கு வாசல் இரும்புக் கம்பித் தட்டு போட்டோம், வேண்டும்போது தூக்கித் தூர் எடுக்கலாம். கழிவுநீர்க் குழாயை வாய்க்காலில் விட்டிருந்த வீடுகள் பாதாளச் சாக்கடை இணைப்புக்கு மாறின. கோயில் முன் தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுச் சாலை போட வேண்டும் என்று கவுன்சிலர் இயந்திரத்தின் பக்கத்திலேயே நின்றார். வாசல்படி இரண்டு மறுபடி வெளியே தெரிகின்றன. குளத்தில் ஆகாயத்தாமரையும் வண்டலும் அள்ளியதில் வடக்குப் படித்துறை முழுதாக வந்தது. தெற்குப் பக்கம் சரிந்த கற்களை எடுத்துத் திரும்ப அடுக்கினோம், புதுக்கல் சேர்க்கவில்லை.

இதெல்லாம் கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் பாலாலயம் செய்தோம். விமானத்தில் சிமெண்ட் பூசிய இடங்களைக் கொத்தி எடுத்துவிட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் சேர்த்த சுண்ணாம்புச் சாந்தில் சுதை வேலை நடந்தது. நேரமும் செலவும் கூடிற்றுதான். ஆனால் சுண்ணாம்பு மூச்சு விடும், ஈரத்தை உள்ளே பிடித்து வைக்காது. அஷ்டபந்தன மருந்துக்குக் கொம்பரக்கு, குங்கிலியம், சுக்கான்தூள், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் எல்லாம் சேர்ந்தன. மருந்து இடிக்க உரல் கொடுத்த வீடுகளுக்கும், முறை வைத்து உலக்கை பிடித்த இளைஞர்களுக்கும் குழுவின் நன்றி. சாத்தும்போது பீடத்தடியில் ஸ்தபதி கை வைத்துப் பார்த்தார். காய்ந்திருந்தது.

2023 ஜூன் 12 அன்று மேட்டூர் திறந்தது. ஆற்றில் வந்த தண்ணீர் நம் வாய்க்காலுக்குத் திரும்பிய அன்று மாலை தெருவே வாசலில் நின்றது. முதலில் நுரையும் சருகுமாக வந்தது, பிறகு செம்மண் நிறத்தில், பிறகு தெளிந்து. பாட்டியைக் கையைப் பிடித்து இறக்கினோம். கால் நனைத்துவிட்டு உள்ளே போனார்.

2023-ல் மேட்டூரில் நீர் குறைந்து அக்டோபரிலேயே பாசனத்துக்குத் தண்ணீர் விடுவதை நிறுத்திவிட்டார்கள். குறுவையில் அடிபட்ட உறுப்பினர்களின் வேதனை குழுவுக்குத் தெரியும். அவர்கள் சொன்ன நன்கொடையில் பாக்கி எதையும் குழு கேட்காது, கணக்கில் அது கழிக்கப்பட்டுவிட்டது. குளத்தில் நின்ற தண்ணீர் இன்னும் இருக்கிறது. ஐப்பசி மழையில் மகாமண்டபத்துக்குள் ஒரு துளி வரவில்லை.

பாக்கி வேலை இரண்டு. கிழக்குக் கோடியில் இரு வீடுகளின் கழிவுநீர் இணைப்பு இன்னும் மாறவில்லை. அடுத்த பகுதி சபையில் அதை எழுப்புவதாகக் கவுன்சிலர் சொல்லியிருக்கிறார், நாமும் போக வேண்டும். மற்றது குளத்தின் தென்மேற்கு மூலையில் வேலி. மீதமுள்ள தொகை அதற்காக வங்கியில் இருக்கிறது.

தூம்புப் பலகையின் பூட்டுச் சாவி ஒன்று அர்ச்சகரிடம், மற்றொன்று பாட்டி வீட்டில். மேட்டூர் அடைத்திருக்கும் மாதங்களில் முதல் ஞாயிறு காலை அவரவர் வாசல் தட்டைத் தூக்கி மண்ணை அள்ளிவிட வேண்டும். மண்வெட்டியும் கூடையும் கோயில் மடப்பள்ளிக்குப் பின்னால் வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழுவினர்