அம்மா கேட்ட கேள்வி

அன்புள்ள வசந்தி,

இங்கே எல்லாரும் நலம். ரொம்ப நாளாய் எழுதாததற்குத் திட்ட வேண்டியதை அடுத்த போனுக்கு எடுத்து வை. நீ அம்மாவுக்கு அனுப்பிய கேமராவை நான் மாட்டவில்லை, மாட்டப் போவதும் இல்லை. கோபப்படாமல் கடைசிவரை படி. ஹாஸ்டலில் புது ஸ்டவ் வாங்கி வந்து "நீயே பத்த வைடி கோமு" என்று என்னிடம் தள்ளிவிட்ட மகராசி நீ. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

கும்பகோணம் போயிருந்தபோது அம்மா பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "இதை மாட்டினா வசந்தி என்னைப் பாப்பாளாமே, பாக்கட்டும். வேற யாரு பாப்பா?"

யாரும் பார்க்க மாட்டார்கள் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அந்தக் கேமராவின் படம் கூடத்திலிருந்து நேராக உன் போனுக்கு வருவதில்லை. கம்பெனியின் சர்வருக்குப் போய், அங்கே சேமிக்கப்பட்டு, பிறகுதான் உனக்கு வருகிறது. அங்கே என்ன நடக்கும் என்பதற்கு வீட்டுக் கேமரா விற்கும் ரிங் கம்பெனியைப் பார். 2023 மே மாதம் அமெரிக்க வர்த்தக ஆணையம் அவர்கள் மீது குற்றம் சாட்டியது. அங்கே வேலை பார்த்த ஒருவன் 2017இல் மாதக்கணக்காகப் பெண்களின் படுக்கையறை, குளியலறைக் கேமராப் பதிவுகளை ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறான். 58 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டு முடித்தார்கள். 2024 பிப்ரவரியில் வைஸ் என்ற இன்னொரு கம்பெனியின் கேமரா வைத்திருந்தவர்களில் சுமார் 13,000 பேருக்கு அடுத்தவர் வீட்டுப் படங்கள் வந்தன. அதற்கு ஹேக்கர் யாரும் தேவைப்படவில்லை. நின்றுபோன சேவை மறுபடி ஓட ஆரம்பித்தபோது யார் படம் யாருக்கு என்பது குழம்பிவிட்டது. அம்மா குளித்துவிட்டு ஈரப் புடவையோடு கூடத்தைக் கடந்துதானே பூஜை அறைக்குப் போகிறார்? அந்தப் படம் இப்படி எங்கோ ஒருவன் கண்ணில் பட்டால் உன்னால் தாங்க முடியுமா?

இன்னொரு கவலையும் உண்டு. சர்வர் அவர்களுடையது என்பதால் எப்போது நிறுத்துவது என்பதும் அவர்கள் இஷ்டம். ரிவால்வ் என்று வீட்டுக் கருவிகளையெல்லாம் இணைக்கும் பெட்டி, விலை 300 டாலர். நெஸ்ட் என்ற இன்னொரு கம்பெனி அதை வாங்கி, 2016 மே மாதம் சேவையை நிறுத்தியது. காசு கொடுத்து வாங்கியவர்கள் கையில் வேலை செய்யாத பிளாஸ்டிக் டப்பா மிஞ்சியது. 2022 ஏப்ரலில் அதே மாதிரி கருவிகள் விற்ற இன்ஸ்டியான் கம்பெனியின் சர்வர்கள் முன்னறிவிப்பே இல்லாமல் செத்தன. பிறகு பயனர்கள் சிலரே சேர்ந்து அந்தக் கம்பெனியை வாங்கி உயிர் கொடுத்தார்கள். அம்மாவின் பாதுகாப்பை நம்பி ஒப்படைக்கிற இடமாடி இது?

இனி எனக்குப் பிடித்த பகுதி. உன் அம்மாவுக்குப் படமே தேவையில்லை என்பது என் கட்சி. உனக்குத் தெரிய வேண்டியது அவர் எழுந்தாரா, நடமாடுகிறாரா என்பதுதான். அதற்குக் கதவில் ஒட்டும் சின்ன சென்சார் போதும். ஜிக்பீ ரகம், அதாவது கொஞ்சம் கரண்டிலேயே கம்பியில்லாமல் பேசிக்கொள்வது. பொத்தான் பேட்டரி ஒன்று போட்டால் ஒரு வருஷத்துக்கு மேலேயே ஓடும். நடுவில் ராஸ்பெரி பை என்ற கையளவு கம்ப்யூட்டர் ஒன்று, அதில் வீட்டுக் கருவிகளை நடத்தும் ஹோம் அசிஸ்டன்ட். பவுலஸ் ஷவுட்சன் 2013இல் தொடங்கிய இலவச மென்பொருள் அது. 2024 முதல் ஓர் அறக்கட்டளையின் பொறுப்பில் இருக்கிறது, அதனால் எவனும் அதை விலைக்கு வாங்கி மூட முடியாது. எல்லாக் கணக்கும் அந்த வீட்டுக்குள்ளேயே நடக்கும். நெட் போனாலும் விளக்கு எரியும், சென்சார் பேசும். என் வீட்டில் இதைத்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் வீட்டுச் சுவர் கோட்டை மாதிரி. ரேழியிலிருந்து கொல்லைக்கு சிக்னல் போகாதே என்று நீ கேட்பாய். கரண்டில் ஓடும் ஜிக்பீ பிளக்குகளை இடையிடையே வைத்தால் ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கைமாற்றிக் கொண்டுபோய்ச் சேர்க்கும். ராஸ்பெரி பையும் ரவுட்டரும் இன்வெர்ட்டர் லைனில் இருக்கும். மெமரி கார்டு ஓயாமல் எழுதி எழுதிச் செத்துவிடும், அதனால் அதைவிட நாள்படத் தாங்கும் எஸ்எஸ்டி டிஸ்க் போடுவேன்.

அம்மா விடியற்காலை கொல்லைக் கதவைத் திறந்ததும் உனக்கும் சின்னவனுக்கும் ஒரு செய்தி வரும். உனக்கு அது சாயங்காலம். ஆபத்து வந்தால் மட்டும் செய்தி அனுப்பு என்று வைத்தால், பெட்டி கெட்டுப்போன அன்று எல்லாம் சரியாக இருப்பதாக நினைத்துச் சும்மா இருந்துவிடுவாய். தினமும் வருவது ஒருநாள் வரவில்லை என்றால் கை தானாகப் போனைத் தேடும். மாமிக்கும் போன் போடு, அவர் எதிர் வீட்டிலிருந்து எட்டிப் பார்ப்பார். ராத்திரி அம்மா கட்டிலிலிருந்து கால் வைத்ததும் பாத்ரூம் வரை மங்கலாக விளக்கு எரியவும் ஒரு சென்சார். போன வருஷம் அவர் விழுந்தது இருட்டில்தானே?

கேமரா வேண்டும் என்றே அடம்பிடித்தால் வாசலுக்கு மட்டும் ஒன்று. பதிவு வீட்டிலேயே இருக்கும், அந்தக் கேமராவுக்கு இணையத்தை ரவுட்டரிலேயே அடைத்துவிடுவேன். நீ வெளியிலிருந்து பார்க்க, உன் போனையும் அந்த வீட்டையும் பூட்டிய தனி வழியில் இணைக்கும் டெயில்ஸ்கேல் மென்பொருளைப் போட்டுத் தருகிறேன். ரவுட்டரில் போர்ட்டை, அதாவது வெளியிலிருந்து உள்ளே வரும் வாசலை, திறந்து வைக்க மட்டும் சொல்லாதே. 2016இல் மிராய் வைரஸ் அப்படித் திறந்து கிடந்த கேமராக்களுக்குள், மாற்றாமல் விட்ட பாஸ்வேர்டு வழியாகத்தான் புகுந்தது. அப்படிப் பிடித்த கருவிப் படையை வைத்து, இணையதளப் பெயர்களுக்கு முகவரி காட்டும் டைன் (Dyn) கம்பெனியைத் தாக்கியபோது ட்விட்டர் வரைக்கும் முடங்கியது.

இதில் வேலை இல்லாமல் இல்லை. அப்டேட் செய்ய வேண்டும், பேக்கப் எடுக்க வேண்டும், பேட்டரி மாற்ற வேண்டும். கம்பெனிக்காரன் செய்ததை இனி நாம் செய்ய வேண்டும். திருச்சியில் இருக்கும் நான் மட்டும் அதைத் தெரிந்து வைத்திருந்தால் போதாது. சின்னவனை ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னிடம் அனுப்பு. பாஸ்வேர்டுகளை நோட்டில் எழுதி அம்மாவின் பீரோவில் வைக்கச் சொல்கிறேன்.

அதற்கு முன்னால் நீ அம்மாவிடம் பேசு. எந்தக் கதவில் சென்சார் இருக்கும், அது திறந்தால் யாருக்குத் தெரியும் என்று ஒவ்வொன்றாகச் சொல். வேண்டாம் என்று அவர் சொல்கிற இடத்தில் நான் எதையும் ஒட்ட மாட்டேன், நீ எவ்வளவு கெஞ்சினாலும். அவர் சரி என்றதும் எனக்கு எழுது, சாமான் வாங்க ஆரம்பிக்கிறேன்.

அன்புடன்,
கோமதி