பிடிக்காத புத்தகத்தைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் இதழின் புத்தகப் பக்கத்தைப் பல வருடமாக விடாமல் வாசிக்கிறேன். அதை நம்பித்தான் காசு கொடுத்துப் புத்தகம் வாங்குகிறேன். அதனால்தான் இந்தக் கடிதம். போன வாரம் கடந்த ஒரு வருடத்து இதழ்களை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தேன். ஒரு புத்தகத்தைக்கூட நன்றாக இல்லை என்று யாரும் எழுதவில்லை. எல்லா மதிப்புரையும் 'அனைவரும் வாசிக்க வேண்டிய நூல்' என்றே முடிகிறது. அதைப் படித்து வாங்கி வந்து, நாற்பதாம் பக்கத்துக்கு மேல் நகர முடியாமல் உட்கார்ந்திருக்கும்போது, நமக்குத்தான் அறிவு போதவில்லையோ என்று தன் மேலேயே சந்தேகம் வந்துவிடுகிறது. எனக்கு அப்படிப் பலமுறை வந்திருக்கிறது. புதிதாகப் படிக்கத் தொடங்கும் பிள்ளைகள் இந்த இடத்தில்தான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

சரி, மற்றவர்களைச் சொல்லும் முன் நான் மனசில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஊர் கடலூர், திருப்பாப்புலியூர். புதுச்சேரியில் ஒரு ஜவுளிக்கடையில் 19 வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். தினமும் பஸ்தான். பெண்ணையாற்றுப் பாலம், கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று போய்ச் சேர ஒரு மணி நேரம், திரும்பி வர ஒரு மணி நேரம். ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தால் இருபது பக்கம் ஓடும். நின்றுகொண்டு போனால் ஒன்றும் இல்லை. நான் படித்ததெல்லாம் அப்படிப் படித்ததுதான்.

முதலில் எங்கள் பக்கத்துப் புத்தகம். பிரபஞ்சனின் 'வானம் வசப்படும்' 1995-இல் சாகித்திய அகாதெமி விருது வாங்கியது. புதுச்சேரிக்காரர் புதுச்சேரியைப் பற்றி எழுதியது. அதைக் குறை சொன்னால் இங்கே பலருக்கு வருத்தம் வரும். அவருடைய சிறுகதைகளை நான் திரும்பத் திரும்பப் படிக்கிறவள். ஆனாலும் இந்த நாவலில் ஒருவரோடு பழகி முடிப்பதற்குள் அடுத்த ஆள் வந்துவிடுகிறார். இன்னார் யார் என்று பின்பக்கம் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். பஸ்ஸில் அது பெரிய தொல்லை.

அப்புறம் அந்த நாவலுக்கு அடியில் இருக்கும் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைத் தேடிப் படித்தேன். முழுவதும் இல்லை, சில பகுதிகள்தான். பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்ஸ் துரைக்கு துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்தவர், 1736 முதல் 1761 வரை எழுதியிருக்கிறார். தமிழ் கொஞ்சம் கரடுமுரடுதான், பாதிச் சொல்லை ஊகித்துக்கொள்ள வேண்டும். ஆனால் இரண்டு பக்கம் போனதும் அந்த ஆளே பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பேசுவதுபோல் இருக்கிறது. என்ன கப்பல் வந்தது, துரை என்ன முகத்தோடு பேசினார், யார் வந்து என்ன கோள் சொன்னார்கள் என்று எல்லாம் இருக்கிறது. அன்றன்றைய வரவு செலவை அன்றன்றே எழுதி முடிக்கிற எனக்கு அந்தக் கை நன்றாகப் புரிகிறது. 1748-இல் ஆங்கிலேயர் முற்றுகையின்போது பிரெஞ்சுக்காரர்கள் வேதபுரீஸ்வரர் கோயிலை இடித்ததைப் பற்றிய பக்கங்களைப் படித்த அன்று மனசு சரியில்லை. அவ்வளவு செல்வாக்கு உள்ள மனிதர், ஒன்றும் செய்ய முடியாமல் எழுதி மட்டும் வைக்கிறார். நாவல் எழுதுகிறவருக்குக் கதை எங்கே போகிறது என்று தெரியும். பிள்ளைக்கு நாளை விடிந்தால் என்ன நடக்கும் என்றே தெரியாது. எனக்கு நாவலைவிட நாட்குறிப்பு ஒரு படி மேலாகத் தெரிவது அதனால்தான். பெரிய மார்க்கெட்டுக்குப் போக ரங்கப்பிள்ளை வீதியில் திரும்பும்போதெல்லாம் இப்போது அவர் ஞாபகம் வருகிறது.

அடுத்தது அல்பேர் காம்யுவின் 'அந்நியன்'. வெ. ஸ்ரீராம் பிரெஞ்சிலிருந்து நேராகத் தமிழாக்கம் செய்தது. முதல் தடவை படித்தபோது எனக்கு அருவருப்பாக இருந்தது. பெற்ற தாய் செத்துக் கிடக்கிறாள், சவப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மகன் பால் காபி குடிக்கிறான், சிகரெட் பிடிக்கிறான். தாயின் வயது கேட்டால் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. இவனைப் பற்றி எதற்கு ஒரு புத்தகம் என்று நூலகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஆறு வருடத்துக்கு முன் அப்பா இறந்தார். ராத்திரி முழுவதும் கூடத்தில் அவர் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். விடியற்காலையில் எதிர்வீட்டு அக்கா பிளாஸ்கில் காபி கொண்டுவந்தார்கள். வாங்கிக் குடித்தேன். சூடாக, சர்க்கரை தூக்கலாக இருந்தது, நன்றாக இருந்தது. ஏதோ ஒரு நொடி நிமிர்ந்தால் அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பார்வையை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பியதும் முதல் வேலையாக அந்தப் புத்தகத்தை மறுபடி எடுத்துவந்தேன். அவன் செய்த கொலையைவிட அவன் அழாததையும் அந்தக் காபியையும்தான் நீதிமன்றம் பெரிதாக எடுத்துக்கொள்கிறது என்பது இரண்டாவது தடவைதான் எனக்கு உறைத்தது. கதாநாயகனை இப்போதும் எனக்குப் பிடிக்கவில்லை. புத்தகம் பிடித்திருக்கிறது. இப்படி இரண்டும் ஒன்றாக இருக்க முடியும் என்று உங்கள் பக்கத்தில் யாராவது முன்னமே எழுதியிருந்தால் எனக்கு உதவியாக இருந்திருக்கும்.

இமையத்தின் 'செல்லாத பணம்' பற்றி எனக்குக் குறை சொல்ல மனம் வரவில்லை, ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் மாவட்டத்துக்காரர். பொறியியல் படித்த ரேவதி, ஆட்டோ ஓட்டும் ரவியைக் கட்டிக்கொண்டு, உடம்பெல்லாம் வெந்து ஜிப்மரின் தீக்காயப் பிரிவில் கிடக்கிறாள். கதையில் பெரும்பகுதி வார்டுக்கு வெளியே காத்துக் கிடக்கிற சொந்தக்காரர்களின் பேச்சுதான். நானும் அப்படி ஒரு வார்டுக்கு வெளியே ஒன்பது நாள் உட்கார்ந்திருக்கிறேன். சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கலாமா வேண்டாமா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம், கதவு திறந்தால் எல்லோரும் ஒன்றாக எழுந்து நிற்போம். அந்தக் காத்திருப்பை இவ்வளவு சரியாக எழுதியவர் வேறு யாரையும் நான் படிக்கவில்லை. அரியாங்குப்பம் தாண்டியது தெரியாமல் படித்துக்கொண்டிருந்தேன், கண்டக்டர் தோளைத் தட்டித்தான் நிமிர்ந்தேன். குறை என்னவென்றால், புலம்பல்கள் சில இடங்களில் ஒன்றே திரும்பத் திரும்ப வருகிறது. ஐம்பது பக்கம் குறைந்திருந்தால் இன்னும் ஆழமாகக் குத்தியிருக்கும்.

'பொன்னியின் செல்வன்' முதல் இரண்டு பாகம் எனக்குத் திருவிழா மாதிரி இருந்தது. நான்காம் பாகத்தில் களைத்துவிட்டேன். 1950 முதல் 1954 வரை வாராவாரம் காத்திருந்து படித்தவர்களுக்கு அந்த நீளம் சுகமாக இருந்திருக்கும். ஒரே மூச்சில் படிக்கும்போது, அத்தியாயத்துக்கு அத்தியாயம் யாராவது மறைந்து நின்று ஒட்டுக்கேட்பது அலுத்துவிடுகிறது.

மாப்பிள்ளை என் பிறந்தநாளுக்குக் கொடுத்தது 'பணக்காரத் தந்தை, ஏழைத் தந்தை'. அன்பாகக் கொடுத்தார், அதனால் கடைசி வரை படித்தேன். கடன் வாங்கிப் பகட்டு செய்யாதே என்பது நல்ல பேச்சு. ஆனால் நாம் குடியிருக்கும் வீடு சொத்தே இல்லை, பையிலிருந்து பணத்தை உருவும் சுமை என்கிறார் ஆசிரியர். அதை என்னால் ஏற்க முடியவில்லை. 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் எங்கள் பக்கம் கரையைக் கடந்தது. சீட்டுக் கட்டி, நகையை அடகு வைத்துக் கட்டிய எங்கள் இரண்டு அறைத் தளவீட்டில் அன்றைக்குப் பதினான்கு பேர் இருந்தோம். பக்கத்துக் கூரைவீடுகள் எல்லாம் போய்விட்டன. ஒரு கைக்குழந்தையை அரிசி மூட்டை மேல் துணி விரித்துப் படுக்கவைத்திருந்தோம். அந்த வீட்டை எந்தக் கணக்கில் எழுதுவது என்று கணக்கு எழுதுகிற எனக்குத் தெரியும்.

'குட்டி இளவரசன்' குழந்தைகள் புத்தகம் என்று எல்லோரும் பரிந்துரைக்கிறார்கள். தயவுசெய்து அப்படி எழுதாதீர்கள். என் பெண்ணுக்குப் பத்து வயதில் வாங்கிக் கொடுத்தேன், யானையை விழுங்கிய பாம்பின் படத்தைத் தவிர ஒன்றும் ஒட்டவில்லை. கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனபின் அவளே எடுத்துப் படித்துவிட்டு, நரி வரும் இடத்தில் அழுதேன் என்று போன் செய்தாள்.

உங்கள் பக்கத்தில் ஒருநாளும் வராத இன்னொரு வகைப் புத்தகத்தையும் சொல்லவேண்டும். கரிசல் சீமைச் சொற்களை கி. ராஜநாராயணன் அகராதியாகத் தொகுத்தார். அதுபோல எங்கள் பக்கத்துப் பேச்சுக்கு கண்மணி குணசேகரன் 'நடுநாட்டுச் சொல்லகராதி' கொண்டுவந்தார். வெளியூர்ப் பள்ளிக்கு மாறிய வருடம் நான் வேர்க்கடலையை மல்லாட்டை என்று சொல்ல, வகுப்பே சிரித்தது. அதற்கப்புறம் வீட்டில்கூட அந்தச் சொல்லை விட்டுவிட்டேன். நாற்பது வயதுக்கு மேல், எங்கள் ஆயா பேசிய பேச்சுக்கு ஒருவர் அகராதியே போட்டிருக்கிறார் என்று அதைக் கையில் வாங்கியபோது கண் கலங்கிவிட்டது. கதை இல்லாத அந்தப் புத்தகத்தை நான் வேறு எந்த நாவலுக்கும் குறைத்துச் சொல்லமாட்டேன்.

மஞ்சக்குப்பத்தில் பிறந்த ஜெயகாந்தனை விட்டுவிட்டால் ஊரில் கோபித்துக்கொள்வார்கள். 'சில நேரங்களில் சில மனிதர்கள்' எனக்குப் பிடித்த நாவல்தான், ஆனால் எல்லோரும் சில நேரம் ஆசிரியரின் குரலிலேயே வாதாடுகிறார்கள். அதற்கு முன் எழுதிய 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதையில், மழையில் பஸ்ஸுக்கு நின்று சீரழிந்து வீடு திரும்பிய மகளின் தலையில் தாய் தண்ணீரை ஊற்றுகிறாளே, அந்த ஒரு குடம் தண்ணீர் எனக்குப் போதும்.

ஐயா, உங்கள் மதிப்புரையாளர்களிடம் நான் கேட்பது இதுதான். எந்த இடத்தில் தூக்கம் வந்தது, எந்த இடத்தில் நிறுத்தினீர்கள், எதற்காக மறுபடி எடுத்தீர்கள் என்று எழுதச் சொல்லுங்கள். எழுத்து என்ன அளவில் இருக்கிறது என்பதையும் சேர்த்துப் போடுங்கள், ஐம்பது வயது தாண்டி ஓடும் பஸ்ஸில் படிக்கிறவர்களுக்கு அது தெரிய வேண்டும். 'வானம் வசப்படும்' பற்றி நான் சொன்னது தவறு என்று யாராவது எழுதினால் அந்தக் கடிதத்தை அவசியம் வெளியிடுங்கள். நாவலை நூலகத்திலிருந்து மறுபடி எடுத்து வைத்திருக்கிறேன், திங்கள்கிழமை பஸ்ஸில் தொடங்குகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருப்பாப்புலியூர், கடலூர்.