நீ எழுதிய கட்டுரையில் நீ இல்லை

தஞ்சாவூர்,
ஞாயிற்றுக்கிழமை மாலை

அன்பு மகளுக்கு,

இங்கே அனைவரும் நலம். அமெரிக்காவில் படிக்கும் நீ அந்நாட்டு மக்களின் மதிப்புகளைப் பற்றி எழுதி மின்னஞ்சலில் அனுப்பிய பதினொரு பக்கக் கட்டுரையையும், அதனோடு அனுப்பியிருந்த வாசிப்புத் தொகுப்பையும் அப்பா கடைத்தெருவில் அச்செடுத்து வந்து கொடுத்தார். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கட்டுரையை இரண்டு முறையும், தொகுப்பை முடிந்த அளவும் படித்தேன். வியாழக்கிழமை தொலைபேசியில் "எப்படிம்மா இருக்கு?" என்று நீ கேட்டபோது "நல்லா இருக்கு" என்று சொல்லி முடித்துக்கொண்டேன். அது பொய்யில்லை, ஆனால் பாதிதான். மீதியைப் பேச்சில் சொல்லப் புகுந்தால் நீ குறுக்கிடுவாய், நானும் குரலை உயர்த்துவேன், கடைசியில் சாப்பாட்டைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிடுவோம். அதனால்தான் எழுதுகிறேன். இறுதி வடிவத்தைக் கொடுக்க இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது என்றாய் அல்லவா?

உன் கட்டுரை இரண்டு செய்திகளைச் சொல்கிறது. அமெரிக்கர்கள் தனிமனிதனை முன்னிறுத்துகிறார்கள், நாம் குடும்பத்தை முன்னிறுத்துகிறோம் என்பது முதலாவது. எல்லா மனிதரும் சமம் என்று 1776-இல் சுதந்திரப் பிரகடனத்தில் எழுதிக் கையெழுத்திட்டவர்களே அடிமைகளை வைத்திருந்தார்கள் என்பது இரண்டாவது. இரண்டாவதில் எனக்கு மறுப்பில்லை. அந்தப் பிரகடனத்தை எழுதிய ஜெபர்சன் தம் வாழ்நாளில் அறுநூறுக்கும் மேற்பட்ட அடிமைகளுக்கு உடைமையாளராக இருந்தவர். ஆனால் இதைக் கண்டுபிடித்துவிட்ட மகிழ்ச்சி உன் பக்கங்களில் கொஞ்சம் அதிகமாகவே தெரிகிறது. பக்கத்து வீட்டுச் சண்டையை மொட்டை மாடியிலிருந்து பார்ப்பவரின் மகிழ்ச்சி அது.

முதலாவதிலிருந்து தொடங்குகிறேன். பெஞ்சமின் பிராங்க்ளினைத் தன் முயற்சியால் உயர்ந்த தனிமனிதருக்கு எடுத்துக்காட்டாக வைத்திருக்கிறாய். மெழுகுத்திரி செய்து விற்றவரின் பதினேழு பிள்ளைகளில் ஒருவர், பதினேழு வயதில் வீட்டைவிட்டு ஓடிப் பிலடெல்பியாவில் இறங்கி, அக்குள்களில் இரண்டு ரொட்டிகளை இடுக்கிக்கொண்டு மூன்றாவதைத் தின்றபடி தெருவில் நடந்தவர், பதின்மூன்று நற்பண்புகளுக்குப் பட்டியல் போட்டு நாள்தோறும் தம்மையே சோதித்துக்கொண்டவர் என்பதெல்லாம் சரி. ஆனால் 1731-இல் அவர் ஏற்படுத்திய நூலகத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே! ஐம்பது பேர் ஆளுக்கு நாற்பது ஷில்லிங் போட்டு, பிறகு ஆண்டுக்குப் பத்து ஷில்லிங் கொடுத்து, ஒருவரால் வாங்க முடியாத புத்தகங்களை எல்லோருமாக வாங்கிப் படித்த நூலகம் அது. முப்பது ஆண்டுகள் கிளை நூலகத்தில் பேரேடு எழுதிய எனக்கு அந்தச் செய்திதான் கண்ணில் பட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இங்கே 1948-இல் வந்த பொது நூலகச் சட்டத்தின்படி வீட்டு வரியோடு நூலக வரியையும் வசூலித்து ஊருக்கெல்லாம் புத்தகம் வாங்கினோம். அவர்கள் வரிக்குக் காத்திராமல் தாங்களாகவே கூடி வாங்கியிருக்கிறார்கள். உன் தொகுப்பில் இருக்கும் தொக்வில் என்ற பிரெஞ்சுக்காரரும் இதைத்தானே சொல்கிறார்? புதிதாக ஒரு காரியம் தொடங்க வேண்டுமென்றால் பிரான்சில் அரசாங்கத்தையும் இங்கிலாந்தில் ஒரு பிரபுவையும் முன்னால் பார்க்கலாம், அமெரிக்காவிலோ ஒரு சங்கத்தைத்தான் பார்க்கலாம் என்கிறார். தனிமனித வாதத்தைப் பற்றி அவர் எச்சரித்த இடத்தை மட்டும் மேற்கோள் காட்டிவிட்டு, அதற்கு மருந்தாக அவர் அங்கேயே கண்டதை நீ விட்டுவிட்டாய்.

நாம் குடும்பத்தை முன்னிறுத்துகிறோம் என்று எழுதியிருப்பதைப் படித்தபோது சற்றுச் சிரித்தேன், கோபித்துக்கொள்ளாதே. வேறு மாவட்டத்தில் எனக்குப் பதவி உயர்வு கிடைத்தபோது உன் அப்பாயி படுக்கையில் இருந்தார், நீ இரண்டாம் வகுப்பில் இருந்தாய், நான் வேண்டாமென்று எழுதிக்கொடுத்தேன். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் உன் அப்பாவுக்கு மாறுதல் வந்தபோது, போவதா வேண்டாமா என்ற பேச்சே நம் வீட்டில் எழவில்லை. நம் குடும்ப மதிப்பு என்று நீ ஒரே சொல்லில் எழுதுவதை நம் வீட்டில் யார் தூக்கிச் சுமந்தார்கள் என்பதை எண்ணிப் பார்க்காமல், அதை அமெரிக்கருக்கு எதிரே தராசில் வைக்காதே. எழுத்தாளர்கள் எமர்சனையும் தோரோவையும் பற்றி நீ எழுதியதில் எனக்குச் சொல்ல அதிகமில்லை. காட்டில் தனித்து வாழ்ந்ததாகச் சொல்லப்படும் தோரோவின் குடிசை நண்பர் எமர்சனின் நிலத்தில்தான் இருந்தது என்பதையும், தாயார் வீடு நடந்துபோகும் தூரத்தில் இருந்தது என்பதையும் ஓர் அடிக்குறிப்பாகவாவது சேர்த்துக்கொள்.

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

1831-ஆம் ஆண்டு இறுதியில் மெம்பிஸ் நகரத்தில் மிசிசிப்பி ஆற்றங்கரையில் நின்று தொக்வில் கண்ட காட்சி உன் தொகுப்பில் இருக்கிறது. அதற்கு முந்தைய ஆண்டு குடியரசுத் தலைவர் ஜாக்சன் ஆட்சியில் வந்த சட்டத்தின் பேரில் சோக்டா பழங்குடி மக்களை அவர்களுடைய நிலத்திலிருந்து ஆற்றுக்கு அப்பால் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கடுங்குளிரில், கூடாரமும் வண்டியும் இல்லாமல், காயம்பட்டவர்களும் கைக்குழந்தைகளும் சாகக் கிடந்த முதியவர்களுமாகப் படகில் ஏறியிருக்கிறார்கள். ஒருவரும் அழவில்லையாம். கரையில் நின்ற நாய்கள்தாம், தம்மை விட்டுவிட்டு என்றைக்குமாகப் போகிறார்கள் என்று தெரிந்ததும் ஒன்றாக ஊளையிட்டுப் பனிநீரில் குதித்துப் படகின் பின்னே நீந்தினவாம். இத்தனையையும் அமெரிக்கர்கள் சட்டப்படி, அமைதியாக, உலகத்தின் கண்ணுக்கு ஒரு நெறியையும் மீறாதவர்களாகச் செய்து முடித்தார்கள் என்று அவர் எழுதும்போது அந்தப் பேனாவில் எவ்வளவு கசப்பு! நீ இந்தப் பகுதியைத் தொடவே இல்லை. தொட்டிருந்தால், சமத்துவம் பேசிவிட்டு அடிமைகளை வைத்திருந்தார்கள் என்ற முரண்பாட்டோடு உன் சிந்தனை நின்றிருக்காது. ஒழுங்கான, சட்டத்தை மதிக்கிற, நல்ல மனிதர்கள் எப்படி இதைச் செய்கிறார்கள் என்ற கேள்வி வந்திருக்கும். அந்தக் கேள்வி கடல் தாண்டி நம் வீட்டு வாசலுக்கும் வரக்கூடியது.

அடிமையாகப் பிறந்த பிரெடரிக் டக்ளஸின் உரையையும் அந்த மனத்தோடு மறுபடி படித்துப் பார். எழுத்துச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிய எசமானியைக் கணவன் தடுத்துவிட, தெருவில் திரிந்த வெள்ளைக்காரச் சிறுவர்களுக்கு ரொட்டியைக் கொடுத்து அதற்கு ஈடாக எழுத்துகளை வாங்கிக்கொண்டவர் அவர். தம் பிறந்த நாள் இன்னதென்று அவருக்குத் தெரியாது. 1838-இல் தப்பியோடியவர், 1852 ஜூலை 5-ஆம் நாள் ராச்செஸ்டரில், அடிமை முறையை எதிர்த்த பெண்களின் சங்கம் அழைத்ததால், சுதந்திர நாள் உரை நிகழ்த்துகிறார். 'சக குடிமக்களே' என்று விளித்துவிட்டு, உங்கள் முன்னோர், உங்கள் சுதந்திரம், உங்கள் விழா என்று வரிக்கு வரி 'உங்கள்' என்றே சொல்லிக்கொண்டு போகிறார். அந்த முன்னோர்களை வீரர்கள் என்று மனமாரப் புகழ்கிறார். பிறகு, இந்த நாள் உங்களுடையது, என்னுடையது இல்லை என்று திருப்புகிறார். அதை நீ வஞ்சப்புகழ்ச்சி என்று எழுதியிருக்கிறாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எழுதிக்கொடுத்த பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கையெழுத்துப் போட்டவனின் பிள்ளைகளிடம் பாக்கியைக் கேட்கிற மனிதரின் பேச்சு அது. பத்திரம் பொய் என்று அவர் சொல்லவில்லை. அரசியல் சாசனத்தையே விடுதலைக்கான ஆவணம் என்று அவ்வுரையில் வாதாடுகிறார். எழுதியவர்கள் மனத்தில் என்ன வைத்து எழுதினார்கள் என்பதோடு ஒரு சொல்லின் கதை முடிந்துவிடுவதில்லை என்பதை அவரைப் படித்த பிறகுதான் நான் புரிந்துகொண்டேன்.

மார்ட்டின் லூதர் கிங் 1963 ஏப்ரலில் அலபாமா மாநிலத்தின் பர்மிங்காம் சிறையிலிருந்து எழுதிய கடிதத்துக்கு ஒரே ஒரு பத்தி கொடுத்திருக்கிறாய். எனக்கோ அதைப் படித்து முடிக்க மூன்று நாள் ஆயிற்று. எத்தனை வயதானாலும் கறுப்பின ஆணை 'பையா' என்றே அழைப்பதையும், அவர்களுடைய மனைவிக்கும் தாய்க்கும் 'திருமதி' என்ற மரியாதைச் சொல் ஒருநாளும் கிடைக்காததையும் அவர் ஓரிடத்தில் சொல்கிறார். அந்த வரிக்குப் பிறகு என்னால் மேலே போக முடியவில்லை.

உன் அம்மாச்சி வீட்டில் நடவுக்கும் அறுப்புக்கும் வந்த ஒரு பெண்மணிக்கு அப்போது ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். எனக்கு எட்டு வயது. அவர் என்னை "வாங்க" என்பார். நான் அவரைப் பெயர் சொல்லி "வா" என்பேன். அப்படிச் சொல்லும்படி யாரும் எனக்குச் சொல்லிக்கொடுத்ததாக நினைவில்லை, நடை பழகியதைப் போலப் பழகிய ஒன்று. மாட்டுக்கொட்டகையின் இறவாணத்தில் ஓர் அலுமினியக் குவளை செருகியிருக்கும். அவர் அதை எடுத்துக் கழுவி நீட்டுவார், அம்மாச்சி கை படாமல் உயரத்திலிருந்து மோர் ஊற்றுவார், குடித்துவிட்டு அவரே மறுபடி கழுவி அதே இடத்தில் செருகிவிட்டுப் போவார். அம்மாச்சி பொல்லாதவர் இல்லை. அந்தப் பெண்மணியின் மகளுக்குப் பிரசவமானபோது இரவோடு இரவாகப் பால் கொடுத்தனுப்பியவர். எங்கள் வீட்டில் எல்லாம் ஒழுங்காக, அமைதியாக நடந்தது. கல்லூரிக்குப் போய் நாலு புத்தகம் படித்த பிறகு எனக்கு அது தவறென்று தெரிந்தது. தெரிந்தும், விடுமுறைக்கு ஊருக்குப் போனபோதெல்லாம் வீட்டில் சச்சரவு வேண்டாமென்று பேசாமல் இருந்தேன். வெளிப்படையாக வெறுப்பவர்களைவிட, நீதியைக் காட்டிலும் அமைதியே பெரிதென்று நினைக்கும் நடுநிலைக்காரர்களே தம்மை அதிகம் ஏமாற்றமடையச் செய்தவர்கள் என்று கிங் எழுதுவது அலபாமாவின் வெள்ளைக்காரர்களைப் பற்றி என்று உன் கட்டுரை சொல்கிறது. நான் என்னைப் பற்றி என்று படித்தேன்.

கிங் 1959-இல் இந்தியாவுக்கு வந்து திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளிக்குப் போனார். தாழ்த்தப்பட்ட குடும்பத்துப் பிள்ளைகள் படித்த பள்ளி அது. அதன் தலைமையாசிரியர் அவரை, அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் உங்களைப் போன்ற ஒரு தீண்டத்தகாதவர் என்று அறிமுகப்படுத்தினார். முதலில் அது அவருக்குச் சுருக்கென்று தைத்திருக்கிறது. பிறகு, ஆம், நான் அப்படித்தான் என்று ஏற்றுக்கொண்டதாகப் பின்னாளில் தம் தேவாலயத்தில் சொல்லியிருக்கிறார். அங்கிருந்து வந்தவர் நம் கண்ணாடியில் தம் முகத்தைப் பார்த்துக்கொண்டு போனார். அம்பேத்கர் 1913-இல் பரோடா அரசின் உதவித்தொகையில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார், தத்துவ அறிஞர் ஜான் டூயியிடம் படித்தார். 1916 மே மாதம் அங்கே ஒரு கருத்தரங்கில் வாசிக்க அவர் எழுதிய கட்டுரை எதைப் பற்றியது? இந்தியாவில் சாதி எப்படி உண்டாயிற்று, எப்படிப் பரவியது என்பதைப் பற்றியது. அந்த ஊரில் படித்ததை வைத்து இந்த ஊரை அளந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து, ஏறத்தாழ உன் வயதுதான்.

நீ இல்லாமல் இந்தக் கட்டுரையை எழுத முடியாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பகத் சிங் திந்த் என்பவர் முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையில் இருந்தவர். குடியுரிமை வேண்டி வழக்காடியபோது, தாம் உயர்சாதி ஆரியர், ஆகவே வெள்ளையர் என்பது அவர் தரப்பு வாதம். 1923-இல் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. ஊர்ச் சாதியைக் கடவுச்சீட்டாக நீட்டிப் பார்த்திருக்கிறார்கள், செல்லவில்லை. 1946-க்குப் பிறகும் இந்தியாவுக்கென்று ஒதுக்கிய குடியேற்ற இடங்கள் ஆண்டுக்கு நூறுதான். நாடு வாரியான அந்த ஒதுக்கீட்டை ஒழித்த சட்டத்தில் குடியரசுத் தலைவர் ஜான்சன் கையெழுத்திட்டது 1965 அக்டோபரில். அதே ஆண்டு ஆகஸ்டில்தான் கறுப்பின மக்களின் வாக்குரிமைச் சட்டம் வந்தது. தடியடியும் சிறையும் பட்டு அவர்கள் கிளப்பிய காற்றில்தான் அந்தக் கதவும் திறந்தது. படிப்பு முடிந்து அங்கேயே வேலை தேடப் போவதாகச் சொல்கிறாயே, அந்த வாசல் எப்படித் திறந்தது என்பது உன் கட்டுரையில் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

குவளையைப் பற்றி நீ எழுதலாம். அம்மாச்சியின் பெயரைப் போடாதே, ஊரின் பெயரும் வேண்டாம். மோர் குடித்த அந்தப் பெண்மணி இப்போது இல்லை. அவருடைய மகள் இருக்கிறார், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், கண் மங்கியிருந்தாலும் நினைவு தெளிவாக இருப்பதாகச் சொல்கிறார்கள். அடுத்த வாரம் ஊர்ப்பக்கம் போகும்போது அவரைப் பார்க்க வேண்டும் என்று இருக்கிறேன். என்ன கேட்பது, எப்படித் தொடங்குவது என்று இன்னும் தெரியவில்லை. "வாங்க" என்று நான் முதலில் சொன்னால் அவர் சங்கடப்படுவாரோ என்றுகூட யோசிக்கிறேன். அவர் மனம் ஒப்பிச் சொன்னால், அவர் சம்மதித்த அளவுக்கு உனக்கு எழுதுகிறேன். சொல்ல விருப்பமில்லை என்றால், நான் கண்டதோடு நிறுத்திக்கொள்.

அப்பா உன் குளிர்ச் சட்டையைப் பற்றிக் கேட்கச் சொன்னார்.

அன்புடன்,
அம்மா